மூச்சை அளந்து நோயறிதல்

ஆஸ்துமா என்னும் நோயைப் பெயரளவிலேனும் அறியாதார் நம்முள் இல்லை. இரைப்பு, இளைப்பு, இழுப்பு, ஈளை என்று தமிழில் அதற்குப் பெயர்கள் பல. ஆயினும் வயது வந்த ஒருவருக்கு இந்நோய் உண்டா, இல்லையா என்று துணியும்பொழுது இன்னும் பெரும்பாலும் ஊகமே ஆட்சி செலுத்துகின்றது. மூச்சு இரைந்தால் ஆஸ்துமா என்று ஒரு மருந்து. இருமல் நீடித்தால் காசநோயோ என்று ஓர் அச்சம். ஐம்பது வயதைக் கடந்தவரானால், வயது ஆயிற்று என்று ஒரு சமாதானம். இவ்வாறு ஊகத்தால் பெயரிடுவதில் விளையும் தீங்கு யாது, ஊகத்தை விடுத்து மூச்சை அளந்து அறியும் வழி யாது என்பவற்றை இப்பேச்சில் காண்போம். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறத் தமிழரை முன்னிறுத்திச் சொல்கின்றோம். எனினும் பம்பாயிலோ பெங்களூரிலோ டில்லியிலோ உழைத்து வாழும் தமிழருக்கும் இது பொருந்துவதே.

முதலில் அவ்வெல்லைப்புறத்தைப் பார்ப்போம். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே அமைந்தபோது, சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும், திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் கேரளத்தில் அடங்கின. கோடு மாறிற்று, குடிகள் மாறவில்லை. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை முதலிய ஊர்களில் இன்றும் பல வீடுகளில் தமிழே பேச்சுமொழி. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் கொழுந்து பறித்து வருகின்றனர். தேனி மாவட்டத்துப் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் ஜீப்பில் மலையேறி, ஏலத்தோட்டங்களில் உழைத்து, மாலையில் வீடு திரும்புவோரும் பலர்.

இவர்கள் சுவாசிக்கும் காற்று ஒரு தன்மையதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுவே முப்பது கிலோமீட்டருக்கும் மேல் அகன்று கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயில், கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் கீழ்க்காற்று ஓயாது வீசும். அது வறண்ட காற்று. வயற்புழுதியையும் சருகுத் தூளையும் வாரிக்கொண்டு வரும். நெற்களங்களின் உமித்தூசியும், தரிசு நிலங்களில் பரவியுள்ள பார்த்தீனியத்தின் பூந்தூளும், கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையின் புகையும் அதனோடு சேரும். இடுக்கியிலோ குளிரும் பனியும் மிகுதி. மழைக்கால ஈரத்தால் லயத்துச் சுவர்களில் பூஞ்சணம் படரும். அடைத்த அறையில் விறகடுப்புப் புகையும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் வெப்பமும் புகையும் நிறைந்திருக்கும். தேயிலை ஆலையில் நுண்ணிய தூசி பறக்கும். ஏலச்செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்தின் நெடியும் உண்டு. இவை எல்லாருக்கும் ஆஸ்துமாவை உண்டாக்குவதில்லை. ஆயினும் மூச்சுக்குழாய் எளிதிற் சினக்கும் இயல்புடையாரை இவை வருத்துகின்றன. அதனால்தான் இப்பகுதியில் மூச்சுத்திணறலின் காரணத்தைச் சரியாகக் கண்டறிவது மிகவும் வேண்டப்படுவதாகின்றது.

ஆஸ்துமா என்பது யாது? நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்களின் உட்சுவர் அழற்சியுற்று வீங்குகின்றது, குழாயைச் சூழ்ந்த தசை இறுகுகின்றது, சளி மிகுகின்றது. இம்மூன்றும் கூடிக் குழாயைக் குறுக்குவதால், மூச்சை வெளியே விடுவது வருத்தம் தருவதாகின்றது. ஆனால் இக்குறுக்கம் எப்பொழுதும் ஒரே அளவில் நில்லாது. நள்ளிரவிலும் விடியலிலும் கூடும், நண்பகலில் குறையும். தூசியிலும் குளிரிலும் சளிக்காய்ச்சலிலும் கூடும்; மருந்தால் விரைவில் தணியும். இவ்வாறு ஏறியிறங்குவதே ஆஸ்துமாவின் தனி அடையாளம். புகையால் நாட்பட்டுக் கெட்ட நுரையீரலில் குறுக்கம் பெரும்பாலும் நிலைத்து நிற்கும். இருதயம் தளர்ந்து வரும் மூச்சுத்திணறலில் கால் வீங்கும். படுத்தால் மூச்சு முட்டும். எலும்புருக்கி எனப்படும் காசநோயில் காய்ச்சலும் எடை குறைதலும் சேர்ந்து வரும்.

ஏறியிறங்கும் இயல்புடைய நோயை ஒரு முறை பார்த்துத் தீர்மானிப்பது எங்ஙனம்? இரவெல்லாம் இரைந்தவர், பகல் பதினொரு மணிக்கு மருத்துவர் முன் அமரும்போது மார்பில் ஓசையே இல்லாதிருக்கலாம். எக்ஸ்ரே படமும் பெரும்பாலும் குறையின்றியே இருக்கும்; அப்படம் வேறு நோய் இருப்பின் காட்டுமேயன்றி ஆஸ்துமாவைக் காட்டாது. ஓசை இல்லை, படத்திலும் ஒன்றும் இல்லை என்று சொல்லி நோயாளியை அனுப்பிவிட்டால், அன்றிரவு மறுபடியும் அவர் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடுவார்.

இதனோடு மொழியால் வரும் குழப்பமும் ஒன்று உண்டு. மலையாளத்தில் இரைப்பை 'வலிவு' என்பர். தமிழ்ச் செவிக்கு அது வலியாகவோ வலிப்பாகவோ கேட்கும். நம்மவர் 'இழுப்பு' என்றால், அச்சொல் சில ஊர்களில் இரைப்பையும் சில ஊர்களில் கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பையும் குறிக்கும். தமிழில் 'காசம்' என்றதும் எலும்புருக்கி நோயே நினைவுக்கு வருகின்றது; மலையாளத்தில் அந்நோயை 'க்ஷயம்' என்பர், காசம் என்பது இருமலையும் இரைப்பையும் ஒட்டிய சொல். ஒரே சொல்லை இருவர் இரு பொருளில் வழங்கினால் மருத்துவச் சீட்டில் எப்பெயர் ஏறும்? ஆகவே நோயின் பெயரைச் சொல்வதினும் நிகழ்வதைச் சொல்வதே நன்று. 'மூச்சு விடும்போது மார்பில் சீட்டியடிப்பதுபோல் ஒலிக்கின்றது, இரவு மூன்று மணிக்கு எழுப்பிவிடுகின்றது, ஆலையில் கூடுகின்றது, ஊருக்குப் போனால் குறைகின்றது' என்றால் எம்மொழி மருத்துவரும் பொருள் தவறமாட்டார்.

ஊகத்தின் தீங்கு இரு திசையிலும் உண்டு என்பதற்குச் சான்றுகள் உள்ளன. கானடா நாட்டில், அண்மை ஐந்தாண்டுகளுக்குள் மருத்துவரால் ஆஸ்துமா என்று சொல்லப்பட்ட 613 பெரியவர்களைக் கருவிகொண்டு மீண்டும் சோதித்தனர். அவர்களுள் 203 பேருக்கு, அதாவது மூவரில் ஒருவருக்கு, அப்பொழுது ஆஸ்துமா இல்லை என்று தெரிந்தது; சிலருக்கு இருதயம் அல்லது நுரையீரலின் வேறு கடுநோய் மறைந்திருந்தது. அம்முடிவு 2017-இல் வெளியாயிற்று. நம் நாட்டிலோ நிலைமை மறுதலையாக உள்ளது. சிறுவரும் பெற்றோருமாகப் பல்லாயிரவரிடம் பல நகரங்களில் நிகழ்த்தி 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், இரைப்பு உடையாருள் நூற்றுக்கு 82 பேருக்கு ஆஸ்துமா என்ற பெயரே சொல்லப்பட்டிருக்கவில்லை. உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் இந்தியாவில் உள்ளனர். ஆஸ்துமாவால் இறப்போரிலோ நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் நம் நாட்டவர். நோய் இன்னதென அறியப்படாதபோது தக்க மருந்தும் சேர்வதில்லை. தணிக்கக்கூடிய நோயால் இத்துணை உயிர்கள் போவதற்கு இஃது ஒரு காரணமாகும்.

இரைப்பதெல்லாம் ஆஸ்துமா அன்று என்பதற்குத் தென்னாட்டிலேயே பழைய சான்று ஒன்று இருக்கின்றது. ஆந்திரத்து மதனப்பள்ளிக் காசநோய் மருத்துவமனையைச் சேர்ந்த பிரிமாட்-மோலர், பார்ட்டன் என்னும் இரு மருத்துவர்கள் 1940-இல், காசநோய் போலத் தோன்றிக் காசநோய் அல்லாத ஒரு நிலையை எடுத்துக்காட்டினர். அந்நோயாளிகளின் இரத்தத்தில் ஈயோசினோபில் என்னும் ஒருவகை வெள்ளணுக்கள் அளவிறந்து மிகுந்திருந்தன. 1943-இல் வைன்கார்ட்டன் என்பார் அதற்கு 'வெப்பநாட்டு ஈயோசினோபிலியா' என்று பெயரிட்டார். இரவில் இருமலும் இரைப்பும் தரும் இந்நோய்க்கு, யானைக்கால் நோய்க்குக் காரணமான பைலேரியா என்னும் புழுவே காரணம் என்று பின்னர் விளங்கிற்று. புழுவுக்குரிய மருந்தால் இது தீரும். ஆஸ்துமா என்றோ காசநோய் என்றோ கொண்டு மருந்து தந்தால் வேர் அப்படியே நிற்கும்.

இனி அளக்கும் கருவிகளைப் பார்ப்போம். மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டரை இலண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846-இல் உலகுக்கு விளக்கினார். இன்று அது கையில் அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, குழாயை உதடுகளால் இறுக்கிக்கொண்டு, முழு விசையோடு ஊதி, ஆறு வினாடிபோல் விடாது ஊதவேண்டும். முதல் வினாடியில் வெளியேறிய காற்று எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று கருவி காட்டும். நலமுள்ள பெரியவர் மொத்தக் காற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை முதல் வினாடியிலேயே ஊதிவிடுவார். குழாய் குறுகியவர்க்கு இது இயலாது.

குறுக்கம் இருப்பதை அறிந்தால் மட்டும் போதாது. அது தளர்கின்றதா என்றும் பார்க்கவேண்டும். சால்பியூட்டமால் மருந்தை இன்ஹேலர் வழியாகக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊதச் செய்வர். முதல் வினாடிக் காற்று முன்னிலும் நூற்றுக்கு 12-உம், அதனோடு 200 மில்லிலிட்டரும் கூடினால் குழாய் தளர்ந்தது என்று கொள்வது மருத்துவர் நெடுநாளாகக் கையாண்டுவரும் அளவுகோல். ஒருவர் முதலில் 2,000 மில்லிலிட்டரும், மருந்துக்குப் பின் 2,300 மில்லிலிட்டரும் ஊதினார் என்று வைத்துக்கொள்வோம். உயர்வு 300 மில்லிலிட்டர், நூற்றுக்கு 15. குறிகளும் ஒத்திருப்பின் ஆஸ்துமா என்பதற்கு இது வலிய சான்று. உயரவில்லையெனில் ஆஸ்துமா இல்லையென்று அன்றே முடிவு கட்டலாகாது; நோய் அமைதியாக இருந்த வேளையில் சோதித்திருக்கக் கூடும்.

அங்ஙனம் ஐயம் நிற்கும்போது உதவுவது பீக் ப்ளோ மீட்டர் என்னும் சிறு கருவி. ஒருவர் எவ்வளவு வேகமாக மூச்சை ஊத முடியும் என்பதை அது காட்டும். ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் ரைட் என்பார் அதனை அமைத்து, மெக்கரோ என்பாருடன் 1959-இல் மருத்துவ இதழில் விளக்கினார். இன்று கிடைப்பது மின்சாரம் வேண்டாத ஒரு பிளாஸ்டிக் குழாய். ஊதினால் அதன் முள் நகரும். காலை எழுந்ததும் மூன்று முறை ஊதி, அவற்றுள் உயர்ந்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாலையிலும் அவ்வாறே செய்யவேண்டும். இரண்டு வாரம் இதனைத் தொடர வேண்டும்.

கணக்கு எளியது. காலையில் 320, மாலையில் 400 என்றால் வேறுபாடு 80. இரண்டன் சராசரி 360. ஆகவே அன்றைய ஏற்றத்தாழ்வு நூற்றுக்கு 22. இவ்வாறு இரு வாரத்துக் கணக்கையும் கூட்டிச் சராசரி எடுத்து, பெரியவர்களுக்கு அது நூற்றுக்கு 10-ஐ மிஞ்சினால் மிகையான ஏற்றத்தாழ்வு என்று ஜினா என்னும் உலக ஆஸ்துமா அமைப்பு வகுத்துள்ளது. பிரிட்டனில் 2024-இல் வெளியான நெறிமுறை, இன்னும் கண்டிப்பாக, 20 என்று வைத்துள்ளது. எந்த அளவைக் கொள்வது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்; அதற்குரிய இருவாரக் குறிப்பை அவர் கையில் சேர்ப்பது நம் கடமை.

வேலையால் வரும் ஆஸ்துமாவை அறியவும் இக்கருவியே துணை. பெரியவர்களுக்கு வரும் ஆஸ்துமாவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்குத் தொழிலிடத்துத் தூசியும் ஆவியும் காரணமாகின்றன என்று மதிப்பிட்டிருக்கின்றனர். நம் மலையகத் தமிழர் உழைத்த இலங்கைத் தேயிலை ஆலைகளைச் சார்ந்தும் இவ்வகை நோய் கண்டறியப்பட்டது. இலங்கை மார்புநோய் மருத்துவர் ஊரகொட, தேயிலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970-இல் எழுதினார். கொழுந்தின் அடிப்புறத்து மெல்லிய உரோமங்கள் பஞ்சுபோல் பறப்பதும் அத்தூசியில் அடங்கும். மூணாற்றில் ஆலைக்குள் சலிக்கவும் பொதியவும் நிற்போர் இதனை அறிந்திருப்பது நல்லது.

இத்தகையோர் நாளொன்றுக்கு நான்கு முறையேனும் ஊதிக் குறிக்கவேண்டும். வேலைநாட்களிலும் குறிக்கவேண்டும், ஓய்வுநாட்களிலும் குறிக்கவேண்டும். ஞாயிறு ஒரு நாள் ஓய்வில் மூச்சு தெளிந்துவிடாது. சிலருக்குப் பல நாட்கள் ஆகும். பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ பத்து நாள் மலையிறங்கிப் போகும்போது குறிப்பேட்டையும் கருவியையும் உடன் கொண்டுசெல்லவேண்டும். மலையில் 300, ஊரில் 420, மறுபடி மலையில் 310 என்று எண்கள் அடுத்தடுத்து நிற்குமானால், எந்தக் காற்று நோயை வளர்க்கின்றது என்று தேடுவதற்கு வழி பிறக்கும். இருமாநிலத்துக்கும் இடையே போய்வரும் தொழிலாளியின் அலைச்சலே, இவ்வகையில், அவர் நோயை அறிவதற்கு ஒரு சோதனையாக அமைந்துவிடுகின்றது.

இங்கே சில எச்சரிக்கைகள் சொல்லவேண்டும். முதலாவது, அழற்சி தணிக்கும் இன்ஹேலரைத் தொடங்கிச் சில வாரம் ஆகிவிட்டால் மூச்சின் ஏற்றத்தாழ்வு குறைந்துவிடும். பின்னர் சோதித்தால் நோய் தெரியாது. ஆதலால் இயன்றவரை மருந்து தொடங்குமுன் அளந்துவிடுவது நன்று. ஆனால் திணறல் கடுமையாக இருப்பவரை அளப்பதற்காகக் காக்க வைத்தல் பெரும்பிழை. அவருக்கு மருந்தே முதல், அளவு பிறகு. ஏற்கெனவே இன்ஹேலர் பிடிப்பவர், சோதனைக்குமுன் அதனை எத்தனை மணிநேரம் நிறுத்தவேண்டும் என்பதை மருத்துவரைக் கேட்டே செய்யவேண்டும்.

இரண்டாவது, மேற்சொன்ன 2024-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நெறிமுறை பெரியவர்களுக்கு முதற்சோதனையாக இரத்தத்தின் ஈயோசினோபில் கணக்கையோ, மூச்சில் வரும் நைட்ரிக் ஆக்சைடு அளவையோ பார்க்கச் சொல்கின்றது. அது அந்நாட்டுக்குத் தக்கது. நம் நாட்டில் வயிற்றுப் புழுவும் பைலேரியாவும் அவ்வணுக்களை மிகுவிக்கும். மதனப்பள்ளியில் கண்ட உண்மையை மறந்து, அணுக்கள் மிகுந்தன, ஆகவே ஆஸ்துமா என்று இங்கே முடிவு கட்டலாகாது.

மூன்றாவது, இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனையைத் தவிர்க்கலாகாது. காசநோய் உண்டா என்று பார்ப்பதில் வெட்கத்துக்கு இடமில்லை. ஆஸ்துமாவும் காசநோயும் ஒருவருக்கே இருக்கவும் கூடும்.

இனி, எல்லைப்புறத்தாருக்கே உரிய இடர் ஒன்றைச் சொல்வோம். அவர்கள் ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து செல்வதில்லை. கொழிஞ்சாம்பாறைக்காரர் ஒரு முறை பாலக்காட்டுக்கும் மறுமுறை பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் செல்வார். ஏலத்தோட்டத்தார் ஒரு முறை கட்டப்பனைக்கும் மறுமுறை கம்பத்துக்கோ தேனிக்கோ செல்வார். ஒவ்வோரிடத்தும் நோய்க்கதை முதலிலிருந்து தொடங்குகின்றது. முன்பு எடுத்த அளவு வீட்டுப் பரணிலோ பழைய பையிலோ கிடக்கின்றது. ஏறியிறங்கும் நோயைத் தொடர்ச்சியாகப் பார்த்தால் அன்றி அறிய முடியாது. அத்தொடர்ச்சியையோ எல்லைச்சாவடி அறுத்துவிடுகின்றது.

அதனை ஒட்டவைக்கக் கூடியவர் நோயாளியே. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். நாள், மணி, இருந்த இடம், செய்த வேலை, ஊதிய அளவு, இரவில் விழித்ததுண்டா, எம்மருந்து பிடித்தார் என்னும் இவற்றை அதில் குறித்துவரவேண்டும். ஸ்பைரோமீட்டர்ச் சோதனைத் தாள்களையும் சளிப் பரிசோதனை முடிவையும் அதனுள்ளே ஒட்டிவைக்கவேண்டும். எழுதப் படிக்க அறியாத தாய்மாருக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் குறித்துத் தரலாம். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. தமிழர் குறித்த 320-ஐ மலையாள மருத்துவரும் 320 என்றே படிப்பார்.

கருவிக்கு எங்கே செல்வது என்ற கேள்வி எழலாம். கேரள அரசு 2017-இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப ஆரோக்கிய மையங்களாக வளர்ந்தன. மூச்சு நோய்களுக்கென்று அவற்றில் 'சுவாஸ்' என்னும் பெயரால் தனிக் கிளினிக் நடத்தும் முறை வந்தது. அங்கே மூச்சை அளந்து பார்ப்பதும் அம்முறையில் அடங்கும். அருகிலுள்ள மையத்தில் எந்நாளில் அது நடைபெறுகின்றது என்று கேட்டறிவது நலம். தமிழ்நாட்டுப் பக்கம் வருவோருக்குக் கோயம்புத்தூர், தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. வேறு மாநிலத்தில் இருப்போர் அரசு மருத்துவமனையின் மார்புநோய்ப் பிரிவை நாடலாம். 'ஆஸ்துமாவுக்கு மருந்து தாருங்கள்' என்று கேட்பதற்குமுன், 'என் மூச்சை அளந்து பாருங்கள்' என்று கேட்பதே அறிவுடைமை.

அளவைக்கு அப்பாற்பட்ட வேளையும் உண்டு. ஒரு வாக்கியத்தை முழுதும் சொல்ல முடியாமல் மூச்சு முட்டுதல், உதடும் நகமும் நீலம் பாய்தல், இன்ஹேலர் பிடித்தும் தணியாமை, மயக்கமும் தடுமாற்றமும் தோன்றுதல் ஆகியவை உயிருக்கு ஆபத்தைக் காட்டும் குறிகள். அப்பொழுது குறிப்பேட்டையும் கணக்கையும் தேடிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மலைத்தோட்டங்களிலிருந்து மருத்துவமனை நெடுந்தூரம் ஆதலால், இரவில் எந்த வண்டி கிடைக்கும் என்பதை முன்னரே அறிந்துவைத்திருப்பதும் நோயாளி வீட்டாரின் பொறுப்பு.

ஆஸ்துமா உண்டு என்று அளவால் உறுதிப்பட்டவர் அஞ்சவேண்டியதில்லை. அழற்சி தணிக்கும் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்கலாம், களத்தில் நெல் தூற்றலாம், நிம்மதியாக உறங்கலாம். இல்லை என்று உறுதிப்பட்டவருக்கும் பயன் உண்டு. வேண்டாத மருந்து நீங்கும், உண்மைக் காரணம் தேடப்படும். இரண்டில் எதுவாயினும் இரண்டு வாரம், நாளொன்றுக்குச் சில நிமிடம் ஊதுவதே அதற்கு நாம் தரும் விலை.